சாக்பீஸ் கோடு

சத்தம் எப்படி வருதுன்னு நீங்க வாயால செஞ்சு காட்ட வேண்டாம் சார். வர்றவங்க எல்லாரும் அதைத்தான் செய்றாங்க. ஒருத்தர் கடகடங்கறாரு, ஒருத்தர் கிர்ருங்கறாரு, ஒரு வாத்தியார் இங்கன குத்தவச்சு உக்காந்து தவளை மாதிரி கத்தியே காட்டுனாரு. எனக்கு அதெல்லாம் வேண்டியதில்ல. சாவியைக் குடுங்க, முந்தல் ரோட்டுல பாலம் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் அங்கிட்டு நிழல்ல உக்காருங்க.

வந்துட்டேன். கிராஸ் போயிருக்கு சார், வேற ஒண்ணுமில்ல. கிளட்சை விட்டதும் டக்குனு ஒரு சத்தம். அப்புறம் ஒழுங்கா ஓடுது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா திரும்ப ஒரு டக். கியர்பாக்ஸ்ல இருந்து பின்னச்சுக்கு, அதான் பின் சக்கரத்து அச்சுக்கு, ஒரு நீள ராடு போகுதுல்ல, மேடு பள்ளத்துக்குத் தக்கன அது மடங்கணும்னு ரெண்டு முனையிலயும் கூட்டல் குறி மாதிரி ஒரு துண்டு வச்சிருப்பான். அதான் கிராஸ். அதுக்குள்ள இருக்கற ஊசி பேரிங் தேஞ்சுபோச்சு. குனிஞ்சு பாருங்க, ராடைப் பிடிச்சுத் திருகுறேன், எம்புட்டு ஆடுதுன்னு தெரியுதா? இதுக்கா மதுரையில கியர்பாக்ஸை இறக்கணும்னாங்க? இறக்குவாங்க. காது இல்லாதவன் எதையாவது இறக்கித்தான் ஆகணும்.

முப்பத்தோரு வருசமா இந்தக் காதை வச்சுத்தான் சார் பொழப்பு. எஸ்டேட்டுக்கு ஏறுற ஜீப்பு எந்த ஜீப்புன்னாலும் இந்த ரோட்டுல போகும்போதே சொல்லிருவேன், இன்னாரு வண்டி, இன்ன இடத்துல நோவு, இத்தனை நாள் தாங்கும்னு. கழட்டிப் பாத்துக் கண்டுபிடிக்கறது யாரும் செய்யலாம். கழட்டாமச் சொல்லணும். போடியில அப்படிச் சொல்ல நான் ஒருத்தன்தான்.

டயர்ல இருக்கற சாக்பீஸ் கோடா? அது ஒண்ணுமில்ல. ஜாக்கி வச்சப்ப சும்மா போட்டேன். அதை விடுங்க.

கிராஸை வெளிய தட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், பழசு துருப்பிடிச்சு உக்காந்திருக்கு. நீங்க டீ குடிங்க. நான் வேலை பாத்துக்கிட்டே பேசுறேன். பேசாம இருந்தா எனக்குக் கை ஓடாது. முன்னால எல்லாம் இங்க பேச ஆள் இருந்துச்சு. என் தங்கச்சி கௌமாரி மத்தியானம் சோத்துச் சட்டியோட வந்து, நான் திங்கிற வரைக்கும் அந்த டயர் மேல உக்காந்து பேசிக்கிட்டிருப்பா. மூணு வருசமா இந்த வாசலை மிதிக்கல. நான் வளத்தவ சார். எனக்கும் அவளுக்கும் பதினஞ்சு வயசு வித்தியாசம். அப்பா போனப்ப அவளுக்கு ஆறு வயசு. பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டது நான், தலையில எண்ணெய் வச்சு விட்டது நான், மாப்பிள்ளை பாத்தது நான். அப்பேர்ப்பட்டவ என் மேலயே கணக்குப் போட்டுட்டா.

மாப்பிள்ளையைப் பத்திச் சொல்லணும். பேரு பெத்தணன். சொந்த ஜீப்பு, உங்க வண்டி மாதிரியேதான், இதைவிட நாலு வருசம் பழசு. மேல ஏலக்கா எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்துவாப்ல. காலையில பதினோரு பொம்பளைங்க, சாயங்காலம் அதே பதினோரு பேரு, காய் மூட்டை இருந்தா அது தனி. அமைதியான ஆளு. ரொம்ப அமைதி. நாலு வார்த்தை கேட்டா ஒண்ணுதான் வரும். கௌமாரி இங்கன ஏலக்கா குடோன்ல காய் தரம் பிரிக்கிறவ. ஒவ்வொரு காயா கண்ணுல பாத்துப் பொறுக்கிப் பொறுக்கி அந்தப் புத்தியே வந்துருச்சு அவளுக்கு. எதையும் எண்ணணும், பிரிக்கணும். அப்படிக் கண்ணு இருக்கறது நல்லதுன்னு நானே சொல்லியிருக்கேன், என்னத்தச் சொல்ல.

நாலு வருசம் முன்னால மாப்பிள்ளை வண்டியில பின்னச்சுல கிரவுன் பல்லு உடைஞ்சுருச்சு. கிரவுன்னா பின்னச்சுக்குள்ள இருக்கற பெரிய பல்லுச் சக்கரம். ராடு சுத்துற சுத்தைத் திருப்பி டயருக்குக் குடுக்கறது அதுதான். அந்தப் பழைய வண்டிக்குப் புதுசு எங்க கிடைக்கும்? பழைய இரும்புக் கடையில சொல்லி வச்சு, வேற ஊர் ஜீப்புல கழட்டுனது ஒண்ணு, அதோட ஜோடிச் சின்னப் பல்லும் சேத்து வந்துச்சு. நான்தான் போட்டேன். சுத்திவிட்டுக் கேட்டேன், கோயில் மணிக்கு அப்புறம் அப்படி ஒரு சுத்தமான சத்தம் நான் கேட்டதில்ல. பல்லுல ஒரு நோவு இல்ல. அதுல எண்ணு அடிச்சிருக்கும், எத்தனை பல்லுன்னு. கிரீஸ் அப்பியிருந்துச்சு. துடைச்சுப் பாக்கல. எதுக்குப் பாக்கணும்? இந்தப் பக்கம் ஓடுற அம்புட்டு ஜீப்புக்கும் நாப்பத்து மூணு பல்லு. முப்பத்தோரு வருசத்துல நான் எண்ணிப் பாத்து எதையும் போட்டதில்ல.

பதினஞ்சு நாள் கழிச்சு வந்தாப்ல. "மச்சான், நாலு சக்கரத்துக்கும் இழுவை குடுக்கற கியரைப் போட்டா வண்டி முனகுது. போட்ட கியர் திரும்ப எடுக்க வர மாட்டேங்குது. வண்டி தன்னையே பிடிச்சு இழுக்குது"ன்னாப்ல. நான் சிரிச்சேன். வண்டி எப்படி மாப்ள தன்னையே பிடிச்சு இழுக்கும், அதுக்கு என்ன கையா இருக்குன்னு கேட்டேன். இங்க டீ குடிக்க வந்த நாலு டிரைவருங்களும் சிரிச்சாங்க. மாப்பிள்ளையும் கொஞ்சம் சிரிச்சாப்ல. சேத்துல நல்லா போகுது மச்சான், பாறையிலதான் இப்படின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பிட்டாப்ல. பாறையில யாருக்குய்யா நல்லா போகுது?

அப்புறம் ஒரு மாசத்துல கிராஸ் உடைஞ்சுச்சு. மாத்துனேன். அடுத்து ஆறு வாரத்துல திரும்ப உடைஞ்சுச்சு. மூணாவது தடவை உடைஞ்சப்ப நான் உள்ளதைச் சொல்லிட்டேன், மாப்ள, கிராஸை உடைக்கறது ரோடு இல்ல, உங்க இடது காலு. கிளட்சைப் படக்குன்னு விடுறீங்க. கால் பழக்கத்தை மாத்துங்கன்னேன். தனியாத்தான் சொன்னேன். அதாவது, அன்னைக்கும் டீ குடிக்க ரெண்டு மூணு பேரு இருந்தாங்க. அது ஊருக்குள்ள போயிருச்சு. பெத்தணனுக்கு வண்டி ஓட்ட மறந்துபோச்சுன்னு சின்னப் பயலுகள்லாம் கேலி பேச ஆரம்பிச்சுட்டானுங்க. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? கேட்டா என் அபிப்பிராயத்தைச் சொல்றது என் தொழிலு.

அந்தச் சுத்தியலை எடுங்க சார். அது இல்ல, சின்னது. ம்.

கார்த்திகை மாசம். மாப்பிள்ளை மலைக்கு மாலை போட்டிருந்தாப்ல. காலையில பொம்பளைங்களை ஏத்திக்கிட்டுப் போயிருக்காப்ல. வழுக்குப்பாறை வளைவுல நாலு சக்கர இழுவை போடணும், போடாம யாரும் ஏற மாட்டாங்க. போட்டா முனகுதுன்னு பயந்து பின் சக்கர இழுவையிலயே ஏத்தியிருக்காப்ல. பாதி ஏத்தத்துல பின் ராடோட கிராஸ் பட்டுன்னு போயிருச்சு. அந்த ராடு அறுந்தா ஹேண்ட் பிரேக்கும் சேந்து போச்சு சார். இந்த வண்டிகளுக்கு ஹேண்ட் பிரேக் சக்கரத்துல கிடையாது, அந்த ராடு தலையிலதான் இருக்கு. பதினோரு பேரு பாரத்துக்குக் கால் பிரேக்கு நிக்கல. வண்டி பின்னால உருள ஆரம்பிச்சிருச்சு. அந்தப்பக்கம் பள்ளம். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கை ஒடிச்சு மண்திட்டுல கொண்டுபோய்ச் சாத்தியிருக்காப்ல. யாரும் சாகல. பாண்டியம்மான்னு ஒரு பொம்பளைக்குத் தோள்பட்டை எலும்பு விட்டுப்போச்சு. மாப்பிள்ளைக்கு வலது கணுக்கால் நசுங்கிப்போச்சு. பதினோரு உசுரைக் காப்பாத்திட்டாருன்னு அன்னைக்கு ஒருநாள் ஊரே சொல்லுச்சு. நானும்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில மூணு நாளும் நான்தான் சார் கூட இருந்தேன். இதையெல்லாம் கௌமாரி யார்கிட்டயும் சொல்றதில்ல.

வண்டியைக் கட்டி இழுத்துக் கொண்டாந்து இங்கன போட்டாங்க. நாலாம் நாள் எஸ்டேட் மேனேஜர் வந்தாரு. நல்ல மனுசன். எஸ்டேட்ல இருந்து அவரு எழுதிக் குடுக்கறதை வச்சுத்தான் ஒரு வண்டி ஏறலாமா கூடாதான்னு முடிவாகும். நீங்க நிக்கற இடத்துலதான் நின்னாரு.

"சுருளியப்பா, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். வண்டியா, ஆளா?"

நான் ஆளுன்னு சொல்லல சார். சத்தியமா சொல்லல. நீங்க எந்தக் கோயில்ல கூப்பிட்டாலும் வந்து கற்பூரம் அணைக்கிறேன். "சார், அது என் கை பட்ட வண்டி"ன்னேன். அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவரு அடுத்து, தண்ணி கிண்ணி போட்டிருந்தாரான்னு கேட்டாரு. அது நான் பாக்கல சார்னேன். பாக்கலதானே? நான் இங்க ஷெட்டுல இருந்தேன், அவரு மலையில இருந்தாரு, நான் எங்க பாக்க? மாலை போட்டிருந்தாரே, சொல்லியிருக்கலாமேன்னு கௌமாரி அப்புறம் கேட்டா. மாலை போட்டது கழுத்துல தெரியும்ல, அதை நான் வேற எடுத்துச் சொல்லணுமா? ஆஸ்பத்திரியில கழட்டி வச்சிருந்தாங்க, அவரு பாத்திருக்க மாட்டாருங்கறது வேற விசயம்.

அதோட எஸ்டேட்ல மாப்பிள்ளையை நிறுத்திட்டாங்க. ஒரு எஸ்டேட்ல நிறுத்துனா மத்த எஸ்டேட்டும் ஏத்தாது. இப்ப ஒரு மில்லு வாசல்ல வாட்ச்மேனா உக்காந்திருக்காப்ல. காலை இழுத்து இழுத்து நடக்கறாப்ல. என்னைப் பத்தி ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல, இன்னைக்கு வரைக்கும். அது எனக்கு எம்புட்டுச் சங்கடம் தெரியுமா? திட்டுனா நானும் திருப்பித் திட்டிட்டுப் போயிருவேன்.

ராடை மாட்டிக் குடுத்து வண்டியை அவங்க வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்டேன். தார்ப்பாய் போட்டு மூடி வச்சாங்க. நாலு மாசம் அப்படியே கிடந்துச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கௌமாரி வந்தா. சோத்துச் சட்டி இல்ல, கையில ஒரு துண்டு சாக்பீஸ். வந்தவ உக்காரல.

"அண்ணே, நான் எண்ணிப் பாத்தேன்"ன்னா.

என்னத்தடி எண்ணுனன்னு கேட்டேன். ஹேண்ட் பிரேக்கை விட்டு, சக்கரத்துக்குக் கல்லைக் குடுத்து, ஜாக்கி வச்சு ஒரு பின் டயரைத் தூக்கியிருக்கா. டயர்ல ஒரு கோடு, ராடுல ஒரு கோடு. டயரை ரெண்டு சுத்து சுத்தி, ராடு எத்தனை சுத்துதுன்னு எண்ணியிருக்கா. பின்னால அஞ்சு சுத்து முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாலயே நின்னுருது. முன்னச்சுக்கு அதே மாதிரி செஞ்சா அஞ்சைத் தாண்டி இன்னும் கால் சுத்துக்கு மேல போகுது. ஆறு தடவை எண்ணியிருக்கா. முன்னச்சு ஒரு கணக்கு, பின்னச்சு ஒரு கணக்கு. சேத்துல டயர் வழுக்கிச் சமாளிச்சுக்கும். பாறையில வழுக்க வழியில்லாம ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு, நடுவுல கிடக்கற ராடும் கிராஸும் முறுக்கு வாங்கிச் சாகும். அவரு சொன்னது சரிதான் அண்ணே, வண்டி தன்னையேதான் இழுத்துச்சுன்னா.

யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன். யாரும் சொல்லல, அவரு கால் மேல சத்தியம் பண்ணி நான் கிளட்சைப் படக்குன்னு விடலைன்னாரு, அவரு பொய் சொல்ல மாட்டாரு, அப்ப வண்டிதான் பொய் சொல்லணும், அதான் எண்ணிப் பாத்தேன்னா. ஏலக்கா பொறுக்கற பொம்பளை, சார். என் ஷெட்டுல நின்னுக்கிட்டு, என் வேலையை எண்ணிப் பாத்தேங்கறா.

அவ சண்டைக்கு வரல. அதைச் சொல்லணும். கையெடுத்துக் கும்பிடாத குறை. "தெரியாம நடந்துபோச்சு அண்ணே, யாருக்கும் நடக்கும். நீங்க மேனேஜர்கிட்ட போய் வண்டியிலதான் கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவரு திரும்ப ஸ்டீயரிங் பிடிச்சுருவாரு. நான் யார்கிட்டயும் இதைப் பேச மாட்டேன்"ன்னா.

ஒரு வார்த்தையாம். அவளுக்கு அது ஒரு வார்த்தை. சுருளியப்பன் தப்புப் பல்லைப் போட்டு ஒரு வருசமா கண்டுபிடிக்கலைன்னு மேல தெரிஞ்சா, கீழ ஒரு ஜீப்பு இந்த வாசல்ல நிக்குமா? முப்பத்தோரு வருசம் நான் என்ன சொன்னேனோ அதெல்லாம் சந்தேகமாப் போயிரும். இவன் காதை நம்பி நம்ம வண்டியில எதெதைக் கழட்டுனோம்னு ஒவ்வொருத்தனும் வீட்ல ஜாக்கியைத் தூக்க ஆரம்பிச்சுருவான். பாக்கலாம்மா, மேனேஜர் ஊர்ல இல்லன்னேன். இருந்தாரு. அடுத்த வாரம் வந்தா, பாக்கலாம்னேன். அதுக்கு அடுத்த வாரமும் வந்தா. அன்னைக்கு நான் கோபப்பட்டுட்டேன். உன் புருசனுக்கு நான்தான் வாழ்க்கை குடுத்தேன், அவன் கால் கோணலுக்கு என்னைக் கேக்க வந்துட்டியான்னு வாய் வந்துருச்சு.  அந்தச் சாக்பீஸை அந்தா அந்த மேசை மேல வச்சுட்டுப் போனா. அன்னைக்குப் போனவதான்.

போன தை மாசம் அவ மகளுக்கு வீரபாண்டி கோயில்ல காது குத்து. கனிஷ்கான்னு பேரு, அஞ்சு வயசு. ஒரே பொண்ணு. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும், உங்களுக்குத் தெரியாததில்ல. அதுக்கு நான் ஒருத்தன்தான் மாமன். எனக்குச் சொல்லல. ஊருக்கே பத்திரிகை போச்சு, எனக்கு வரல. வரலைன்னாலும் போனேன் சார். பட்டுப்பாவாடை, தோடு எல்லாம் வாங்கி, வேட்டியைக் கட்டிக்கிட்டு, கோயிலுக்கு எதுத்தாப்ல தேங்காய்க் கடையில நின்னேன். கூப்பிட்டா போயிரலாம்னுதான். ஆசாரி வந்து உக்காந்தாரு. மாமன் எங்கன்னு கேட்டாரு போல. மாப்பிள்ளையோட அண்ணன் தம்பி மூணு பேரு நின்னாங்க, யாரையாவது உக்கார வச்சிருக்கலாம். வைக்கல. ஒரு பலகையைப் போட்டு, அது மேல ஒரு புது வேட்டியை மடிச்சு விரிச்சு, பிள்ளையை அதுல உக்கார வச்சுக் குத்தச் சொல்லிட்டா. ஊசி உள்ள போறப்ப பிள்ளை அழுத அழுகை கடை வரைக்கும் கேட்டுச்சு. எனக்குக் காது நல்லாக் கேக்கும்ல.

எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க. இவன் வரலைன்னு ஊரு பாக்கணும்னு வெறும் பலகையைப் போட்டு வச்சிருக்கா. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, உங்களுக்காகத்தான் அண்ணே அந்த இடத்தை வச்சிருந்தா, கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தான்னு சொல்றா. அதெல்லாம் பேச்சு. நான் பாவாடையையும் தோட்டையும் தூக்கிக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். அந்த டப்பாவுலதான் இருக்கு, கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால. இனி அந்தப் பாவாடை அதுக்குப் பத்தாது.

பழைய கிராஸ் வந்துருச்சு, பாருங்க. மாவா நொறுங்கியிருக்கு.

நீங்க இந்தப் பக்கத்து ஆளு இல்ல. அதனால சொல்றேன். அந்தப் பின்னச்சுக்குப் பின்பக்கம் ஒரு மூடி இருக்குல்ல சார், வட்டமா? பத்து போல்ட்டு. வண்டியை இங்கன கொண்டாந்து போட்ட அன்னைக்கே நான் அதைத் திறந்தேன். வளைவுல அடிபட்டிருக்குமோன்னுதான் திறந்தேன். எண்ணெயை வடிச்சுட்டு, துணியை விட்டு கிரீஸைத் துடைச்சேன். எண்ணு தெரிஞ்சுச்சு. முப்பத்தொன்பது. முன்னால நாப்பத்து மூணு. மூணு நாள் திறந்தே கிடந்துச்சு. பகல்ல மாப்பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்திருப்பேன், கட்டுப்போட்ட அந்தக் காலையே பாத்துக்கிட்டு. சாயங்காலம் வந்து இந்த எண்ணைப் பாப்பேன். நாலாம் நாள் காலையில மூடியைத் திரும்ப வச்சு போல்ட்டு போட்டேன். ஒம்பது போட்டாச்சு, பத்தாவதை முறுக்கிக்கிட்டிருக்கேன், வாசல்ல மேனேஜர் ஜீப்பு வந்து நிக்குது.

வண்டியா, ஆளான்னு அவரு கேக்கறப்ப ஸ்பானர் என் கையிலதான் இருந்துச்சு. ஒரு முழு நிமிசம் யோசிச்சேன் சார். அப்புறம் சொன்னேன், என் கை பட்ட வண்டின்னு. அதுல ஒரு எழுத்து பொய் இருக்கா, நீங்களே சொல்லுங்க. கௌமாரி ஆறு தடவை எண்ணுனா. எனக்கு ஒரு தடவை பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அவளுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா எதைப் போட்டிருப்பா பலகைக்குப் பதிலா?

ஆச்சு. மாட்டிட்டேன், லாக்கு விழுந்துருச்சு. கிளட்சை விடுங்க. கேட்டீங்களா? ஒண்ணுமே கேக்காது. சத்தமே இல்லாம இருக்கறதுதான் சார் நல்ல வண்டி.

மேல எஸ்டேட் பங்களாவுலயா தங்கறீங்க? அதே மேனேஜர்தான் இன்னும் இருக்காரு. யார் வேலை பாத்ததுன்னு கேப்பாரு. என் பேரைச் சொல்லுங்க, சந்தோசப்படுவாரு. என்ன சார்? நீங்களே அவர்கிட்ட அதைச் சொல்லிர்றேங்கறீங்களா? வேணாம். வேணாம் சார். நான் ஏதோ வேலைக்கு நடுவுல பேச்சுத் துணைக்குச் சொன்னேன். நீங்க வந்த வேலையைப் பாருங்க. யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேணாம்.

தைரியமா ஏறுங்க. வழுக்குப்பாறை வளைவுல நாலு சக்கரத்துக்கும் இழுவை குடுங்க, ஒண்ணும் ஆகாது. டயரை ரெண்டு சுத்து சுத்துனா உங்க வண்டிக்கு முன்னால ராடு அஞ்சே கால் சுத்துக்கு மேல, பின்னாலயும் அதேதான். சாவியை வாங்கிட்டுப் போனேன்ல, பாலத்துக்கிட்ட நிறுத்தி ஜாக்கி வச்சு எண்ணிட்டேன். இப்ப எந்த வண்டி வந்தாலும் எண்ணாம விடறதில்ல. ஆள் இல்லாதப்ப எண்ணுவேன். அவ வச்சுட்டுப் போன சாக்பீஸ்தான், தேஞ்சு நகத்தளவு கிடக்கு.

ஒண்ணு மட்டும் செய்யுங்க. இந்தாங்க, ஈரத்துணி. மலை ஏறுற முதல் திருப்பத்துல ஒரு நீல வீடு வரும், வாசல்ல தார்ப்பாய் மூடுன ஜீப்பு நிக்கும். இந்நேரம் கௌமாரி குடோன்ல இருந்து வந்து வாசல்லதான் உக்காந்திருப்பா, போற வண்டியை எல்லாம் பாத்துக்கிட்டு. அதுக்கு முன்னால டயர்ல இருக்கற அந்தக் கோட்டை நல்லாத் துடைச்சிருங்க.